மூன்றாம் வரிசையில் மஞ்சள்

போன பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஓர் அக்காவைத் திருப்பி அனுப்பினேன். தெருமுனையில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். ஒவ்வொரு கையிலும் மூன்று வயர் கூடைகளைக் கோத்துக்கொண்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் மடிப்புக் கலையாத புடவையுமாக வந்திருந்தார். வளாகத்துக்குள் நாங்கள் வருடாவருடம் நடத்தும் கைவினைச் சந்தை அன்றைக்கு. மேசைக்கு வாடகை கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். ‘இயற்கைப் பொருட்களால் ஆன கைவினைகள் மட்டும்’ என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்த வரியை எழுதியவள் நான். பலகையைக் காட்டி, “இது பிளாஸ்டிக்கா இருக்கேக்கா, அதனால...” என்று இழுத்தேன். அவர் பலகையைப் படித்த மாதிரி தெரியவில்லை. “சரிம்மா” என்றார். கூடைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தோடு திரும்பிப் போனார்.

மறுப்பேதும் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். அந்த ‘சரிம்மா’தான் போகாமல் நின்றுவிட்டது. அன்று மதியம் மேலே வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கூடையிலிருந்து சின்ன வெங்காயம் எடுத்து உரித்துக் குழம்பு வைத்தேன். அந்தக் கூடை அம்மா பின்னியது, வயர் கூடை. அதற்குள் கையை விட்டபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை. சில நாள் கழித்து, மாட்டுப் பொங்கலன்று, கதவைச் சாத்தும்போது கூடை ஆடியது. அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யான நியாயம் இல்லை. எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். திருநெல்வேலிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தான் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல் மாதிரி கிழித்துச் சாயம் ஏற்றி, தரையோடு தரையாகக் கட்டிய தறியில் நெய்கிற பாய். அதில் மிக மெல்லியதைப் பட்டுப் பாய் என்பார்கள். பட்டுத்துணி போல மடிக்கலாம். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரைக் கோரையிலேயே நெய்து வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். என் சின்ன வயதில் வீட்டில் ஐந்தாறு கோரைப் பாய்கள் சுவரோரம் சுருட்டி நிற்கும். சாதாரணப் பாய்கள்தான், ஆனால் வெயில் நாளில் அதில் படுத்தால் முதுகில் ஒரு குளிர்ச்சி ஏறும். அப்புறம் பிளாஸ்டிக் பாய் வந்தது. கழுவலாம், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்காது, விலையும் கம்மி. அம்மாவே வாங்கினாள். கோரைப் பாய் ஒவ்வொன்றாகக் கிழிந்து வெளியே போக, அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் பாய் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். நெய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால், குழுவில் இருந்த ஒருவர் “பிளாஸ்டிக்தானே நம்ம கைவேலையையெல்லாம் ஒழிச்சது, அதையே சந்தையில எப்படி வைக்கிறது?” என்று கேட்டபோது, முதலில் தலையாட்டியவள் நான்தான். ஊர்ப் பாசத்தில் ஆட்டிய தலை.

ஆனால் பிளாஸ்டிக் பாயை இயந்திரம் நெய்கிறது. வயர் கூடையைப் பின்னுகிற இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. பொருளைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

ஊர் இல்லாத கைவேலை

அன்றைய சந்தையில் என்னென்ன வைத்திருந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். செட்டிநாட்டுக் கொட்டான்கள் இருந்தன. பனை ஓலையைச் சாயமிட்டுப் பின்னி, விளிம்பில் துணியும் மணியும் வைத்துத் தைத்த சின்னக் கூடைகள். பத்தமடைப் பாயில் தைத்த கைப்பைகள், மண் விளக்குகள், கைத்தறித் துண்டுகள். கொட்டானைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அது ஒரு காலத்தில் கடைச் சரக்கே இல்லை. நகரத்தார் வீட்டு ஆச்சிகள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்காக, முற்றத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டது. அந்தத் தலைமுறையோடு மறைந்துவிடும் என்ற நிலையில், 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இப்போது பத்தமடைப் பாய்க்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அங்கீகாரம், இருக்கிறது. கிடைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

வயர் கூடைக்கு அது கிடைக்காது. எந்த ஊர் பெயரில் கேட்பது? கோரைக்கு ஆறு வேண்டும், ஓலைக்குப் பனை வேண்டும். வயருக்கு ஒரு பேன்சி ஸ்டோர் போதும். குறிப்பிட்ட சாதி செய்வதாக இல்லை, மதம் இல்லை, பரம்பரை இல்லை. எங்கள் தெருவில் பின்னாதவர்கள் குறைவு. போஸ்ட்மாஸ்டர் வீட்டு மாமி பின்னினார், எதிர்வீட்டு பீவி அக்கா பின்னினார், சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் விடுமுறையில் பின்னினார். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் சாப்பிடத் தயங்குகிற காலத்தில்கூட, திண்ணையில் உட்கார்ந்து ஒரே கட்டு வயரை இருவர் பங்கிட்டுப் பின்னியிருக்கிறார்கள். குரு கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முடிச்சு போட்டுக் காட்டுவார், மூன்றாவதை நாம் போட வேண்டும், தப்பினால் “அவுத்துப் போடு” என்பார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். இன்றைக்கு அந்த அக்காவின் இடத்தில் யூடியூப் இருக்கிறது. அங்கும் ஒரு ஜோடிக் கைகள் மட்டும்தான் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

புவிசார் குறியீடு என்ற பெயரிலேயே புவி இருக்கிறது. ஒரு கைவேலை மதிக்கப்பட அதற்கு ஒரு ஊர் வேண்டும், ஒரு பழமை வேண்டும், முடிந்தால் ஓர் அழிவின் விளிம்பும் வேண்டும் என்று நாம் பழகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அழியாமல், யாரும் மீட்க வேண்டிய அவசியமும் இல்லாமல், தானாகவே தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருக்கிற கைவேலை ஒன்று நம் கண்ணில் படுவதே இல்லை. காய்கறி வாங்கப் போகும்போது கையில் மாட்டியிருப்பதால் அது பை மட்டும்தான்.

பிளாஸ்டிக் என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. இரண்டையும் மனப்பூர்வமாக ஆதரிக்கிறவள் நான், கடையில் கேரி பேக் நீட்டினால் வாங்காமல் வருகிறவள். ஆனால் அந்தத் தடையில் இருக்கிற ‘ஒருமுறை’ என்ற சொல்லைத்தான் நான் பலகையில் எழுதும்போது விட்டுவிட்டேன். அம்மாவின் கூடை 1994-இல் பின்னியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. முப்பது வருடத்துக்கு மேலாக வாரம் இரண்டு முறை காய்கறி சுமந்த கூடை அது. அத்தனை முறையும் அது மறுத்த பைகளை நினைத்துப் பார்க்கிறேன். வயரும் ஒருநாள் வெயிலில் இற்று மண்ணுக்குத்தான் வரும், வந்தால் மக்காது. அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டுதான் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் பலகையில் எழுதினேன்.

மத்தியான நேரம்

எங்கள் வீட்டில் கூடை பின்னுவதற்கு என்று ஒரு நேரம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்த பிறகு, மூன்றரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் அம்மாவுடையது. கட்டைப் பிரித்து, கதவு நிலையில் அடித்திருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவில் வயரை இழுத்து அளந்து வெட்டுவாள். வெட்டுகிற நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் கூடை பாதியில் நிற்கும், கூடினால் காசு வீண். இருபது வயர் குறுக்கே, ஆறு வரிசை அடி. இரண்டு பக்கமும் நீண்டு நிற்கிற நுனிகளை எண்ணினால் ஐம்பத்திரண்டு. அடி முடிந்ததும் நான்கு மூலையையும் மடக்கி நிமிர்த்துவாள். தட்டையாகக் கிடந்தது எழுந்து உட்காரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்திருக்கிறேன், பெரும்பாலும் தவறவிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வயர் சுற்றிச் சுற்றி ஓடும். ஓடுகிற வயர் ஒவ்வொரு நிற்கிற வயரையும் சந்திக்கிற இடத்தில் ஒரு முடிச்சு. ஒரு சுற்றுக்கு ஐம்பத்திரண்டு முடிச்சு.

சாதா முடிச்சுதான் அம்மாவுக்குப் பிடிக்கும். பீவி அக்கா சிவன் கண் போடுவார், முடிச்சுகள் சேர்ந்து கண் கண்ணாகத் திறந்து பார்க்கும். டீச்சர் நெல்லிக்காய்க் கூடைக்குப் பேர் போனவர், கை வைத்தால் உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும். பிஸ்கட் கூடை பின்னுகிறவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. சிவன் கண்ணை பீவி அக்காதான் மாமிக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதை இப்போது நினைத்தால் மனசுக்கு நன்றாக இருக்கிறது. யாரும் காகிதத்தில் எதையும் வரைந்ததில்லை. எத்தனையாவது வரிசையில் எந்த நிறத்தைக் கொண்டுவந்தால் எங்கே கண் விழும் என்ற கணக்கெல்லாம் விரலில் இருந்தது. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் அம்மா. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு வராது என்று தாத்தா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக் கூடை மெரூனும் சந்தன நிறமும். அதில் கீழிருந்து மூன்றாவது வரிசையும் மேலிருந்து மூன்றாவது வரிசையும் மஞ்சள். புடவைக்கு இரண்டு பக்கமும் சரிகை ஓடுகிற மாதிரி. மற்ற கூடைகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது அந்த இரண்டு கோடுகள்தான். ரேஷன் கடையில் வரிசையாக வைத்த கூடைகளுக்கு நடுவில் தூரத்திலிருந்தே நம்முடையது தெரியும். சென்னையில் வேலை கிடைத்து வந்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அந்தக் கூடையை மட்டும்தான். மஞ்சளை அவ்வளவு அளவாக வைக்க அம்மாவுக்கு எப்படித் தோன்றியது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். என் வேலைக்கும் நிறங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரவிக்கைக்குத் துணி எடுக்கும்போதும், திரைச்சீலைக்கு விளிம்பு வைக்கும்போதும், அந்தக் கூடையில் எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு மஞ்சள் என்பதுதான் கண்ணுக்குள் வரும். பன்னிரண்டுக்கு இரண்டு.

பிரித்த தடம்

மாட்டுப் பொங்கலன்று கதவைச் சாத்தும்போது கூடை ஆடியது என்றேனே, அது ஆடியதற்குக் காரணம் ஒரு பக்கப் பிடியின் அடியில் வயர் இற்று அறுந்திருந்தது. வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, மடியில் வைத்துப் பிரிக்க உட்கார்ந்தேன். பழுது பார்க்க வேண்டுமென்றால் மேலிருந்துதான் அவிழ்க்க வேண்டும். உள்பக்கம் செருகியிருந்த நுனிகளை ஊக்கால் நெம்பி இழுத்து, அந்த மூலையில் பத்துப் பன்னிரண்டு முடிச்சுகளை, பதினான்காவது, பதின்மூன்றாவது, பன்னிரண்டாவது வரிசை வரை தளர்த்தினேன்.

வயருக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை முடிச்சில் மடங்கிவிட்டால் அந்த மடிப்பு போகாது. அவிழ்த்து இழுத்தாலும், வெந்நீரில் போட்டாலும், மடங்கிய இடத்தில் வெளுத்த ஒரு கோடு நிற்கும். மேல் வரிசையில் நிற்கிற சந்தன நிற வயரில் முடிச்சுக்கு ஒரு மடிப்புத் தடம்தான் இருந்தது, சரி. அதே முடிச்சில் ஓடுகிற மெரூன் வயரில் இரண்டு தடங்கள். இப்போதைய முடிச்சின் மடிப்பு ஒன்று, அதற்கு அரை விரல் தள்ளி இன்னொன்று. பழையது. அடுத்த வரிசையிலும் அப்படியே. அந்த மெரூன் வயர் அதற்கு முன்னால் வேறெங்கோ முடிச்சாக இருந்திருக்கிறது. அதற்கும் கீழே மஞ்சள் வரிசைக்கு வந்தால் தலைகீழாக இருந்தது. மஞ்சள் வயரில் ஒரே தடம், நிற்கிற வயரில் இரண்டு. அதாவது மஞ்சள் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் வேறொரு வயரோடு முடிச்சு விழுந்து, அவிழ்க்கப்பட்டிருக்கிறது.

கூடையைக் கவிழ்த்து விளக்கடியில் கொண்டுபோய், உள்பக்கத்தில் கீழே பார்த்தேன். முதல் வரிசையிலும் இரண்டாவதிலும், ஊக்கால் லேசாக நெம்பிப் பார்த்தால், ஒற்றைத் தடம். மூன்றாவதிலிருந்து மேலே இரட்டைத் தடம். அங்கே மஞ்சளின் இரு நுனிகளும் உள்ளே செருகப்பட்டிருந்தன.

அதற்கப்புறம் விடை தானாக வந்தது, ஆனால் நம்புவதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது. மெரூன் பன்னிரண்டு வரிசைக்குத்தான் வந்திருக்கிறது. கூடைக்கு உயரம் பதினான்கு வரிசை. இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போது வயர் தீர்ந்துவிட்டது. மேல் இரண்டு வரிசையையும் மஞ்சளில் முடித்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா அப்படிச் செய்யவில்லை. பன்னிரண்டாவது வரிசையிலிருந்து மூன்றாவது வரை, பத்து வரிசைகளை, 520 முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறாள். மூன்றாவதை மஞ்சளாக்கினாள், ஒரு வரிசை மெரூன் மிச்சம். பழையபடி மெரூனில் ஏறி வந்து பன்னிரண்டாவதை மஞ்சளாக்கினாள், இன்னொரு வரிசை மிச்சம். அந்த இரண்டையும் வைத்து மேல் இரண்டு வரிசையை மெரூனில் மூடிவிட்டாள். ஒரு முழம் வயர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முப்பது வருடமாக நான் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு கோடுகளும் வயர் பற்றாமல் போன இடங்கள்.

உடனே அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது, ஊரில்தான் இருக்கிறாள். “மெரூன் தீந்துட்டாம்மா அன்னைக்கு?” என்று கேட்டேன். எந்தக் கூடை, எப்போது என்று அவள் கேட்கவில்லை. “தீந்துட்டுட்டி. நம்மூர்ல ரெண்டு கடையிலயும் கேட்டாச்சு, அதே மெரூன் இல்ல. இருந்தது கொஞ்சம் கருப்படிச்சாப்ல இருந்துச்சு. அதப் போட்டா ஒட்டுப் போட்டது தெரியும்லா. மஞ்சள் கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு” என்றாள். அதற்காகவா பத்து வரிசையை அவிழ்த்தாய், யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “இதுல என்னத்தட்டி சொல்லச் சொல்லுத?” என்றாள், அப்புறம் தோட்டத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி விழுந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா போகிற போக்கில் சொன்ன அந்த ஒட்டு விஷயத்தை நான் பல நாள் யோசித்தேன். ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற மெரூன் தப்பைக் காட்டிக்கொடுக்கும். சுத்தமாக வேறாக இருக்கிற மஞ்சள் காட்டிக்கொடுக்காது. ஆனால் மஞ்சளும் ஓரிடத்தில் மட்டும் வந்தால் மூளிதான். கீழேயும் அதே தூரத்தில் வந்துவிட்டால், அது வேண்டுமென்றே வைத்ததாகிவிடும். இதைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்கில் பாடம் நடத்துவார்களாக இருக்கும். அம்மா ஒரு மத்தியானத்தில், தண்ணீர் வருவதற்குள், அதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அது தெரிந்த பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. சின்ன வயதில் எனக்குப் பாவாடை தைத்தால் உள்ளே இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பாள். நான் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்குவாள். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடும், வெளுக்காத துணியின் பட்டையும் தெரியும். அதன்மேல் ஒரு லேஸ் வைத்துத் தைத்துவிடுவாள். மடிப்பு ஒன்றுக்கு லேஸ் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு லேஸ் வைத்த என் பாவாடையைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும் என்று என் தோழி கடையில் புதுப் பாவாடை தேடினாள். பெரியம்மா வாசலில் கோலம் போடும்போது ஒரு சுழி தவறி இழுத்துவிட்டால் அழிக்க மாட்டாள். ஈரத்தரையில் அழித்தால் அசிங்கமாகிவிடும் என்பாள். அதே தவறை மற்ற மூன்று மூலையிலும் இழுத்துவிட்டு எழுந்து போவாள். மார்கழியில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்ததெல்லாம் அந்த நான்கு மூலைகளைத்தான். கிழிந்த தலையணை உறைக்கு வேறு துணியில் ஒட்டுப் போடும்போது, கிழியாத மூலைக்கும் ஓர் ஒட்டுப் போட்ட அத்தை ஒருத்தி இருந்தாள். இதற்கெல்லாம் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் யாரும் இல்லாமையை மறைக்கவில்லை, அதை இன்னொரு முறையும் செய்தார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

இப்போது வீட்டுக்கு ஏதாவது வாங்கும்போது, எதையாவது தைக்கும்போது, முதலில் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: என்னிடம் எது பற்றவில்லை? போன மாதம் சாப்பாட்டு மேசைக்கு விரிப்புத் தைத்தேன். நீலச் சுங்குடித் துணி ஒரு சாண் பற்றவில்லை. முன்பென்றால் அதே நீலத்தைத் தேடி ஒரு நாள் பூராவும் தி.நகரில் அலைந்திருப்பேன். பழைய ஆரஞ்சுத் தாவணி ஒன்றை எடுத்து, பற்றாத பக்கத்துக்கு ஒரு பட்டை, எதிர்ப்பக்கத்தில் நல்ல துணியை வெட்டி எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு பட்டை. வெட்டும்போது கை நடுங்கியது. நன்றாக இருக்கிற இடத்தை எதற்கு வெட்டுவது என்று கை கேட்டது. 520 முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்த அந்த நிமிடத்தில் அம்மாவின் கைக்கும் இப்படி ஒரு தயக்கம் இருந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

இஸ்திரி அக்காவிடம் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. துணி கொடுக்கும்போது தினமும் பார்க்கிறவர்தான், ஆனால் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. கடைசியில் பாதி அவிழ்ந்த கூடையையே எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனேன். வெயில் தாழாத நேரம், துணி வராத நேரம். பெட்டியில் கரி நீறு பூத்திருந்தது. அவர் மரத்தடியில் உட்கார்ந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தார். “அன்னைக்கு உங்களத் திருப்பி அனுப்பினது தப்புக்கா. அந்த வரிய நான்தான் எழுதினேன், அடுத்த வருஷம் அது இருக்காது” என்றேன். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது இன்னும் நீளம், இவ்வளவுதான் வந்தது. அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், “அன்னைக்கே ஆறும் வித்துப் போச்சும்மா, மார்க்கெட்ல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “புள்ளைங்கதான் போலாம் போலாம்னு சொல்லிச்சுங்க” என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

பிறகு என் கையிலிருந்த கூடையை வாங்கினார். வெளிப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. வாங்கியதும் உள்ளே கையை விட்டு, கட்டை விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே கீழே போனார். மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. “இங்க வரைக்கும் பிரிச்சிருக்காங்க” என்றார். நான் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. “யாரு பின்னது?” அம்மா என்றேன். “எவ்ளோ நீளம் வெட்டுனாங்க? பதினாலு வரிசைக்கு நுனி இவ்ளோ கரெக்டா நிக்குதே.”

எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து ஊருக்குப் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. நலம்கூட விசாரித்துக்கொள்ளவில்லை. அம்மா முழத்தில் சொன்னாள் போலிருக்கிறது, இவர் அடியில் திருப்பிக் கேட்டார். “பிடிக்குச் சேத்தா, சேக்காமலா?” என்றார். பேசிக்கொண்டே மடியிலிருந்த பச்சை வயரை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்து பார்த்தார், ஒரு விரற்கடை விட்டு இன்னொரு முறை அளந்தார். புங்க இலை உதிர்ந்து கிடந்த தரையில் அறுந்த பிடியோடு எங்கள் கூடை சாய்ந்து கிடந்தது. அதற்குள் யாரோ ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்கள். அக்கா கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் இருக்கச் சொன்னார்.